படி, நிலை, அடுக்கு: ஆங்கிலச் சொற்கள் எதை எண்ணுகின்றன?



கல்வி உதவிக்காகவும் மருத்துவ உதவிக்காகவும் நமது அறக்கட்டளைக்கு வருகிற விண்ணப்பங்களோடு இணைக்கப்படும் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. ஸ்கேன் அறிக்கை, பயாப்ஸி அறிக்கை, சாதிச் சான்றிதழ், நுழைவுத் தேர்வு அறிவிப்பு, ரயில் சலுகைப் படிவம் என்று எதை எடுத்தாலும் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஸ்டெப், ஸ்டேஜ், கிரேட், டிகிரி, லெவல், லேயர், டியர், ஃபேஸ் என்பவையே அவை. அவற்றோடு 1, 2, 3 என்று ஓர் எண்ணும் சேர்ந்திருக்கும்.

அந்த எண்தான் முதலில் நம் கண்ணில் படுகிறது. ‘மூன்று’ என்று பார்த்ததும் ஒருவர் நடுங்குகிறார். ‘ஒன்று’ என்று பார்த்ததும் இன்னொருவர் நிம்மதி அடைகிறார். ஆனால் எண்ணுக்கு முன்னால் நிற்கும் சொல் எதை எண்ணுகிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் படிப்பது, விலைச்சீட்டில் கிலோவா கிராமா என்று பாராமல் விலையை மட்டும் படிப்பதைப் போன்றது. சிகிச்சையும், இடஒதுக்கீடும், சில நேரம் நூற்றுக்கணக்கான ரூபாயும் இந்தச் சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்வதைப் பொறுத்திருக்கின்றன. ஆகவே இந்த இதழில் அவற்றை ஒவ்வொன்றாக விளக்க முயல்கிறோம்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது?

தமிழில் ‘நிலை’ என்ற ஒரு சொல்லை நாம் பல வேலைக்குப் பயன்படுத்துகிறோம். புற்றுநோயில் நான்காம் நிலை என்றால் நோய் மிகவும் பரவிவிட்டது என்று பொருள். காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் பதவி உயர்வு பெற்றால் முதல் நிலைக் காவலர் ஆகிறார். அங்கே எண் குறைந்தால் உயர்வு. மத்திய அரசின் சம்பள அட்டவணையிலோ முதல் நிலை அடிமட்டம், பதினெட்டாம் நிலை உச்சம். மூன்று இடத்திலும் தமிழில் ‘நிலை’தான். ஆங்கிலத்தில் முதலாவது ஸ்டேஜ், இரண்டாவது கிரேட், மூன்றாவது லெவல்.

‘அடுக்கு’ என்ற சொல்லும் அப்படியே. பரோட்டாவிலும் அடுக்கு உண்டு. டிபன் கேரியரிலும் அடுக்கு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பும் உண்டு. பரோட்டாவின் அடுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிப் படிந்தது, அது லேயர். கேரியரின் அடுக்கு ஒன்றின்மேல் ஒன்று வைக்கப்பட்டாலும் ஒவ்வொன்றும் தனிப் பாத்திரம். ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு. அது டியர். மாடியின் அடுக்கு ஃப்ளோர்.

இதைத் தமிழின் குறை என்று எண்ண வேண்டாம். எல்லா மொழியிலும் இப்படித்தான். மதரஸாவில் ஓதியவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். அரபியில் ‘தரஜா’ என்றால் ஏறும் படியும்தான், ஒருவரின் தகுதியும்தான், வெப்பத்தை அளக்கும் டிகிரியும்தான். ‘தபகா’ என்றால் அடுக்கு. அறிஞர்களைத் தலைமுறை வாரியாக அடுக்கிச் சொல்லும் வரலாற்று நூல்களுக்கு ‘தபகாத்’ என்று பெயர் வந்தது அதனால்தான். ‘மன்ஸில்’ என்றால் பயணத்தில் இறங்கித் தங்கும் இடம். ஏழு நாளில் ஓதி முடிக்க வசதியாகக் குர்ஆனை ஏழு மன்ஸில்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஏறுவது ஒன்று, படிந்திருப்பது ஒன்று, பயணத்தில் வந்து சேர்வது ஒன்று. இந்த மூன்று வேறுபாட்டையும் மனதில் வைத்துக்கொண்டால் ஆங்கிலச் சொற்களும் பிடிபடும்.

ஸ்டெப்

ஸ்டெப் என்பது காலடி. ஒரு காலை எடுத்து வைப்பதும் ஸ்டெப், அந்தக் கால் பதியும் படிக்கட்டும் ஸ்டெப். இணைய விண்ணப்பங்களில் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 என்று வருவது நாம் செய்ய வேண்டிய செயல்களின் வரிசை. அதில் முன்பின்னாகப் போக முடியாது. ஸ்டெப் 3 கட்டணம் செலுத்துவது என்றால், அதை முடித்த பிறகு ஸ்டெப் 4இல் ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினால்தான் விண்ணப்பம் முழுமை பெறும். பணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று கணினியை மூடிவிடும் பிள்ளைகள் உண்டு. கடைசி ஸ்டெப் வரை சென்று ஒப்புகைச் சீட்டை எடுத்தார்களா என்று பெற்றோர்கள் கேட்பது நல்லது.

அநாதைப் பிள்ளைகளுக்கான உதவிப் படிவங்களில் ‘ஸ்டெப் ஃபாதர்’, ‘ஸ்டெப் மதர்’ என்று வருகிறதே, அந்த ஸ்டெப் வேறு. அதற்கும் படிக்கட்டுக்கும் எந்த உறவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘இழப்புக்கு ஆளான’ என்ற பொருள் தந்த ஒரு சொல்லின் எச்சம் அது. அக்காலத்தில் ‘ஸ்டெப்’ என்பதைக் குழந்தையோடு சேர்த்துச் சொன்னால் பெற்றோரை இழந்த பிள்ளை, அதாவது எத்தீம் என்றே பொருள். தாயோ தகப்பனோ இறந்தபின் மறுமணத்தால் வந்தவரைக் குறிக்க அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. படிவத்தில் அந்த இடத்தில் பெற்ற தந்தையின் பெயரை எழுதக் கூடாது. தாயின் இப்போதைய கணவரின் பெயரை எழுத வேண்டும். பெற்ற தந்தைக்குத் தனி இடம் இருக்கும்.

ஸ்டேஜ்

ஸ்டேஜ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘நிற்பது’. தமிழில் ‘நில்’ என்பதிலிருந்து ‘நிலை’ வந்தது போலத்தான் அதுவும். ஆக, ஸ்டேஜுக்கு நிலை என்ற மொழிபெயர்ப்பு மிகப் பொருத்தமானது. நாடகம் நடக்கும் மேடையும் ஸ்டேஜ். பேருந்தில் கட்டணம் மாறும் இடமும் ஸ்டேஜ். “ஸ்டேஜ் தாண்டிருச்சு, டிக்கெட் எடுங்க” என்று நடத்துநர் சொல்வதைக் கேட்டிருப்போம். தனித்தனிக் கட்டணம் வாங்கி, வழியில் ஏற்றி இறக்கிச் செல்லும் பேருந்துகளை மோட்டார் வாகனச் சட்டம் ‘ஸ்டேஜ் கேரேஜ்’ என்று சொல்வதும் இதனால்தான்.

நோயில் ஸ்டேஜ் என்பதும் இதுவே. நோய் தன் பயணத்தில் எதுவரை வந்து நிற்கிறது என்பதே அதன் பொருள். புற்றுநோயில் கட்டியின் அளவு என்ன, பக்கத்திலுள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா, வேறு உறுப்புக்குச் சென்றிருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 4 வரை ஸ்டேஜ் போடுகிறார்கள். நான்காவது என்பது பொதுவாக தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய நிலை.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மூன்றாம் ஸ்டேஜ் என்றதும் ‘கடைசி ஸ்டேஜ்’ என்று முடிவு கட்டி, சிகிச்சை வேண்டாம் என்று நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. மார்பகப் புற்று, பெருங்குடல் புற்று போன்ற பலவற்றில் மூன்றாம் ஸ்டேஜிலும் குணமாக்கும் நோக்கத்தோடுதான் மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள். இரண்டு, நோயைக் கண்டறிந்தபோது போட்ட ஸ்டேஜை வழக்கமாக மாற்ற மாட்டார்கள். சிகிச்சையில் கட்டி சுருங்கினாலும் கோப்பில் பழைய ஸ்டேஜ்தான் இருக்கும். “ஆறு மாதமாக மருந்து எடுத்தும் ஸ்டேஜ் குறையவில்லையே” என்று மனம் உடைய வேண்டியதில்லை. முன்னேற்றம் உண்டா என்பதை மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

சிறுநீரக நோயிலும் ஸ்டேஜ் உண்டு. அங்கே 1 முதல் 5 வரை. அதைக் கணிப்பது ‘இ-ஜி.எஃப்.ஆர்.’ என்ற எண்ணை வைத்து. சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தத்தை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு அது. அந்த எண் 30 முதல் 59 வரை இருந்தால் மூன்றாம் ஸ்டேஜ், 15 முதல் 29 வரை நான்காம் ஸ்டேஜ், 15க்குக் கீழே போனால் ஐந்தாம் ஸ்டேஜ். ஒரே தாளில் இரண்டு எண்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுவதைப் பாருங்கள். ஒன்று கூடினால் நல்லது. மற்றது கூடினால் கெட்டது. மேலும், பாதிப்பு 3 மாதத்திற்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். ஒரே ஒரு பரிசோதனைத் தாளைப் பார்த்து டயாலிசிஸ் என்று அஞ்ச வேண்டாம். அதேபோல் அலட்சியமாகவும் விட வேண்டாம்.

கிரேட்

கிரேட் என்பது தரம் பிரிப்பது. பயணமோ காலமோ அதில் இல்லை. மளிகைக் கடையில் முந்திரியை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது போல.

புற்றுநோய் அறிக்கையில் ஸ்டேஜும் கிரேடும் பக்கத்துப் பக்கத்தில் வரும். குழப்பம் இங்கேதான் அதிகம். ஸ்டேஜ் நோய் எவ்வளவு தூரம் பரவியது என்று சொல்கிறது. கிரேட், நுண்ணோக்கியில் பார்க்கும்போது அந்தச் செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறுபட்டுள்ளன, எவ்வளவு வேகமாக வளரக்கூடியவை என்று சொல்கிறது. ஒன்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்ற கேள்வி. மற்றது எவ்வளவு வேகம் உடையது என்ற கேள்வி. ஸ்டேஜ் 1, கிரேட் 3 என்று ஒரே தாளில் இருக்கலாம். நோய் இன்னும் பரவவில்லை, ஆனால் வேகமான வகை, காலம் தாழ்த்தாதீர்கள் என்று அதற்குப் பொருள். பயாப்ஸி அறிக்கையில் ‘கிரேட் 3’ என்று மட்டும் பார்த்து, ‘மூன்றாம் ஸ்டேஜாம்’ என்று குடும்பத்தில் பரப்பிவிட்டால் நோயாளியின் மனம் என்ன பாடுபடும்!

இன்று வயிற்று ஸ்கேன் எடுக்கும் பலரின் அறிக்கையில் ‘கிரேட் 1 ஃபேட்டி லிவர்’ என்று இருக்கிறது. ஈரலில் லேசாகக் கொழுப்பு படிந்திருக்கிறது என்பதே இதன் பொருள். 2 என்றால் நடுத்தரம், 3 என்றால் அதிகம். இது புற்றுநோய் ஸ்டேஜ் அல்ல. உணவையும் உடல் எடையையும் கட்டுப்படுத்தி, நடைப்பயிற்சி செய்து, சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளும்படி பெரும்பாலும் சொல்வார்கள். பயமும் வேண்டாம், தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடவும் வேண்டாம்.

டிகிரி

கிரேடும் டிகிரியும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். லத்தீனில் ‘கிராதுஸ்’ என்றால் படி. கல்லூரிப் பட்டமும் டிகிரி, காய்ச்சலை அளப்பதும் டிகிரி, கோணத்தை அளப்பதும் டிகிரி. நம் ‘தரஜா’வுக்கு மிக நெருங்கிய சொல் இது.

தீக்காயத்தில் டிகிரி என்பது காயத்தின் ஆழத்தைச் சொல்கிறது. தோலின் மேலடுக்கு மட்டும் சிவந்து எரிந்தால் முதல் டிகிரி. அதற்கு அடுத்த அடுக்கு வரை சென்று கொப்புளம் கண்டால் இரண்டாம் டிகிரி. தோலின் முழுக் கனமும் வெந்துவிட்டால் மூன்றாம் டிகிரி. அங்கே நரம்புகளும் கருகிவிடுவதால் வலி தெரியாமல் போகலாம். “வலிக்கவில்லை, லேசான காயம்தான்” என்று வீட்டில் வைத்துக்கொள்வது ஆபத்து. தீக்காயம் பட்டவுடன் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் தடவாதீர்கள். தோல் வெளுத்தோ கருகியோ வலியின்றி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

டிகிரியிலும் எண்ணின் திசை மாறுவதுண்டு. அமெரிக்கச் சட்டத்தில் முதல் டிகிரிக் கொலைதான் மிகக் கொடிய குற்றம். இரண்டாம் டிகிரி அதற்குக் குறைந்தது. தீக்காயத்திலோ முதல் டிகிரிதான் லேசானது.

லெவல்

லெவல் என்பதற்கு மூலம் லத்தீனில் ‘சிறு தராசு’ என்ற சொல். கொத்தனார் கையிலுள்ள ரசமட்டத்தையும் லெவல் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே ‘மட்டம்’ என்பதே இதற்குச் சரியான தமிழ். ஏதோ ஓர் அடிக்கோட்டிலிருந்து இப்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே லெவல். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. மழை வந்தால் ஏறும், திறந்துவிட்டால் இறங்கும். இரத்தத்தில் சர்க்கரை லெவலும் அப்படியே. சாப்பிடும் முன் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று. லெவல் ஏறி இறங்குவது இயல்பு. ஸ்டேஜ் என்பதோடு இதைக் கலக்கக் கூடாது.

ஏழாவது ஊதியக் குழுவின் மத்திய அரசுச் சம்பள அட்டவணையில் 1 முதல் 18 வரை லெவல்கள் உள்ளன. லெவல் 1இன் தொடக்கச் சம்பளம் 18,000 ரூபாய், லெவல் 18இல் 2,50,000 ரூபாய். வேலைவாய்ப்பு அறிவிப்பில் ‘லெவல் 2’ என்று பார்த்தால் அது இரண்டாவது உயர்ந்த வேலை என்று எண்ண வேண்டாம், கீழிருந்து இரண்டாவது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வில் குரூப் 1 உயர்ந்தது, குரூப் 4 அதற்குக் கீழ். பிள்ளைகள் இரண்டு அறிவிப்பையும் ஒரே நாளில் படிக்கிறார்கள். திசை எதிரெதிரானது என்று சொல்லிக்கொடுங்கள்.

லேயர்

லேயர் என்பது படிந்து கிடப்பது. ‘லே’ என்றால் கிடத்துதல், இடுதல். முட்டைக்காக வளர்க்கும் கோழியை நாமக்கல் பக்கம் லேயர் கோழி என்பதும் இதே சொல்தான்; முட்டையை இடுவது லேயர். கறிக்கோழி பிராய்லர். கோழிப்பண்ணைக்குத் தொழில் கடன் கேட்பவர்கள் படிவத்தில் எதை எழுதுகிறோம் என்று பார்த்து எழுத வேண்டும்.

நம் மாணவர்களின் எதிர்காலத்தைத் தொடும் லேயர் ஒன்று உண்டு. அது ‘கிரீமி லேயர்’. பாலைக் காய்ச்சினால் மேலே படியும் ஆடைதான் கிரீம். பிற்படுத்தப்பட்டோரிலேயே வசதியில் மேலெழுந்துவிட்டவர்களை அந்த ஆடைக்கு ஒப்பிடுகிறார்கள். 1992 நவம்பர் 16 அன்று இந்திரா சாஹ்னி வழக்கின் தீர்ப்பில், மத்திய அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், இந்தப் பாலாடைப் பிரிவை அதிலிருந்து நீக்க வேண்டும் என்று கூறியது. 1993இல் ஆண்டு வருமான வரம்பு 1 லட்சம் ரூபாயாக இருந்தது. படிப்படியாக உயர்ந்து 2017 முதல் 8 லட்சம் ரூபாயாக உள்ளது. வருமானத்தோடு பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவியையும் பார்ப்பார்கள். வருமானத்தைக் கணக்கிடுவதற்கும் தனி விதிகள் உண்டு.

இதில் நம் மக்களுக்கு மூன்று இடங்களில் தடுமாற்றம் வருகிறது.

முதலாவது, சொல்லிலேயே உள்ள குழப்பம். கிரீமி லேயரில் சேராதவர் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘நான்-கிரீமி லேயர்’. தமிழில் எழுதிப் படித்தால் ‘நான் கிரீமி லேயர்’ என்று நம்மைப் பற்றி நாமே சொல்வது போல ஒலிக்கிறது! பொருளோ நேர் எதிர். அந்த ‘நான்’ என்பது ‘அல்லாத’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். ஒதுக்கீடு கிடைக்க வேண்டுமானால் கிரீமி லேயர் அல்லாதவர் என்ற சான்றிதழ்தான் வேண்டும்.

இரண்டாவது, மாநில ஒதுக்கீடும் மத்திய ஒதுக்கீடும் ஒன்று என்று எண்ணுவது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள்ஒதுக்கீடு உள்ளது. மாநில ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் என்ற பிரிப்பே கிடையாது. அதற்கான பி.சி.எம். சாதிச் சான்றிதழை மத்திய நிறுவனங்களின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., நீட் தேர்வின் அகில இந்திய ஒதுக்கீடு, மத்திய அரசு வேலை ஆகியவற்றுக்கு ‘ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர்’ சான்றிதழ் தனியாகப் பெற வேண்டும். தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் நம் பிரிவின் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, காலம். சாதி மாறாது, வருமானம் மாறும். ஆகவே இந்தச் சான்றிதழ் என்றைக்கும் செல்லாது. ஜே.இ.இ., நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளின் சேர்க்கையில் அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பின் பெற்ற சான்றிதழைக் கேட்கிறார்கள். மதிப்பெண் வந்தபிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் கலந்தாய்வு முடிந்துவிடக்கூடும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

டியர்

கடிதத்தின் தொடக்கத்தில் எழுதும் ‘டியர்’ வேறு, இது வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. இந்த டியர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த வரிசை. கிராமம், ஒன்றியம், மாவட்டம் என்ற மூன்றடுக்கு ஊராட்சி முறை இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப் பணி உண்டு.

ரயிலில் ஏசி 2 டியர், ஏசி 3 டியர் என்பதில் வரும் எண் வகுப்பின் எண் அல்ல. படுக்கை அடுக்குகளின் எண்ணிக்கை. 2 டியரில் கீழ், மேல் என்று இரண்டு படுக்கை. 3 டியரில் கீழ், நடு, மேல் என்று மூன்று. அடுக்கு குறைந்தால் இடம் தாராளம், கட்டணமும் அதிகம். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கு ரயில்வே தரும் சலுகை, ஸ்லீப்பரிலும் ஏசி 3 டியரிலும் 100 சதவீதம். ஏசி 2 டியரில் 50 சதவீதம்தான். படிவத்தில் ஓர் எண்ணை மாற்றி எழுதினால் இலவசமாகப் போக வேண்டியவர் பாதிக் கட்டணம் கொடுக்க நேரிடும். மருத்துவமனை தரும் உரிய சான்றிதழோடு சென்று, முன்பதிவு அலுவலகத்தில் விவரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் டியர் 1, டியர் 2 என்று இரண்டு கணக்குகள். இது முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போகும் படி அல்ல. டியர் 1 ஓய்வுக்காலத்துக்கான கணக்கு. பணம் எடுக்கக் கட்டுப்பாடு உண்டு. டியர் 2 விருப்பப்பட்டால் திறப்பது. அதில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் தேர்வில் டியர் 1, டியர் 2 என்பது முதல் தேர்வு, அதில் தேறியவருக்கு இரண்டாம் தேர்வு. அங்கே டியர் என்ற சொல் ஸ்டேஜின் வேலையைச் செய்கிறது. ஆங்கிலேயர் மொழியிலும் ஒழுங்கு இவ்வளவுதான்!

ஃபேஸ்

ஃபேஸ் என்பதற்குக் கிரேக்க மூலத்தில் ‘தோற்றம்’ என்று பொருள். பிறை வளர்ந்து தேய்வதைத்தான் இச்சொல் முதலில் குறித்தது. ஒரே நிலவு, மாறி மாறித் தோன்றும் தோற்றங்கள். முதல் ஃபேஸ் தேர்தல், இரண்டாம் ஃபேஸ் வீடுகள் என்று சொல்லும்போது ‘கட்டம்’ என்பது சரியான தமிழ். இரண்டாம் கட்டத்தில் வீடு கிடைத்தவர் முதல் கட்டத்தில் கிடைத்தவரைவிடத் தாழ்ந்தவர் அல்ல. அவர் முறை பின்னால் வந்தது, அவ்வளவே.

மின்சாரத்தில் த்ரீ ஃபேஸ் என்பது மூன்று கட்டமாக வருவதல்ல. மூன்று கம்பிகளில் மின்னோட்டம் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று சற்று விலகிய அலையாக வருவது. ஒரு ஃபேஸ் போனால் வீட்டில் சில விளக்குகள் மட்டும் அணைவது அதனால்தான்.

மூன்று கேள்விகள்

இவ்வளவையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு சொல்லும் எண்ணும் உள்ள தாள் கைக்கு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

இந்த எண் எதை எண்ணுகிறது? பரவிய தூரமா, வேகமா, ஆழமா, உயரமா, அடுக்கின் எண்ணிக்கையா, முறை வரிசையா?

எண் கூடினால் நல்லதா, கெட்டதா?

இது மாறக்கூடியதா? மாறும் என்றால் எப்போது மீண்டும் பார்க்க வேண்டும், அல்லது எப்போது புதிதாக வாங்க வேண்டும்?

மருத்துவரிடமோ, இ-சேவை மையத்திலோ, கல்லூரி அலுவலகத்திலோ இந்த மூன்றையும் தயங்காமல் கேட்கலாம். ஆங்கிலம் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம் இவை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது ‘மூன்றாம் நிலையாம்’ என்று தமிழில் மாற்றிச் சொல்லாதீர்கள். தாளில் ஸ்டேஜ் என்று இருந்தால் ஸ்டேஜ், கிரேட் என்று இருந்தால் கிரேட் என்றே சொல்லுங்கள். முடிந்தால் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். நமது அறக்கட்டளைக்கு விண்ணப்பிப்பவர்களும் முதல் பக்கத்தை மட்டும் கொடுக்காமல் அறிக்கை முழுவதன் நகலையும் இணைக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். எண் முதல் பக்கத்தில் இருக்கும். அது எதை எண்ணுகிறது என்ற விவரம் பல நேரம் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்